ஒரு முறை எரியும் விளக்குகள்

என் மனைவியை நான் ஒரே ஒரு முறைதான் படம் எடுத்தேன். ஆறு வருடம் கூட வாழ்ந்தவளை, வீட்டிலேயே காமிராவையும் பெட்டி நிறைய விளக்குச் சாமான்களையும் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு முறை. அந்தப் படமும் எனக்காக எடுத்ததில்லை. விவரம் தெரியாத வயதில் தாயை இழக்கப்போகிற என் மகளுக்கு, பின்னால் ஒருநாள் "இதுதான் உன் அம்மா" என்று காட்டுவதற்காக எடுத்தது. அது எப்படி ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். ஆறுதல் சொல்ல வந்தவர்களையெல்லாம் நான் கோபித்துக்கொண்டுதான் அனுப்பியிருக்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணப் படம் கிடையாது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய சித்திரை மாதத்தில் எங்கள் கல்யாணம். சாந்தோம் கோயிலில் சாமியார் பூசை வைத்தார். பெஞ்சுகள் பாதிக்கு மேல் காலி. மயிலாப்பூரில் படம் எடுக்கிற கடை இரண்டுதான் எனக்குத் தெரியும், இரண்டிலும் பூட்டு. "சண்டை முடியட்டும், இதே சேலையைக் கட்டிக்கினு நின்னு எடுத்துக்கலாம்" என்றாள் அவள். சண்டை முடிய மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அந்தச் சேலை மகளுக்குத் தூளி ஆகிவிட்டது.

அவள் கண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேன் நிறம். வெயிலில் நின்றால் இன்னும் வெளுத்துத் தெரியும். போர்ச்சுக்கல்காரன் காலத்திலிருந்து சாந்தோமில் ஒரே தெருவில் இருக்கிற குடும்பம் என்பதால் "பறங்கிக் கண்ணு" என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். மகள் பிறந்தபோது மருத்துவச்சி முதலில் சொன்னது, "பொண்ணு, அம்மா கண்ணைத் திருடிக்கினு வந்துட்டா" என்பதுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சண்டை முடிந்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார சார்ஜண்ட் விற்றுவிட்டுப் போன மடிப்புக் காமிரா என் கைக்கு வந்தது. அத்துடன் பைத்தியமும் வந்தது. காமிரா மேல்கூட இல்லை, வெளிச்சத்தின் மேல். எங்கள் குடித்தனம் ஒரு நீள வீட்டின் பின்கட்டு. ஜன்னல் இல்லாத அறை. அந்த இருட்டில் ஒரு முகத்தைப் பிடிக்க முடியுமா என்பதே எனக்குச் சவாலாக இருந்தது. முதலில் மக்னீசியப் பொடி. தகரத் தட்டில் கொட்டி, நீளக் குச்சியால் பற்றவைத்தேன். பொடி எரிந்தது, கூடவே என் இடது புருவமும் எரிந்தது. அறை முழுக்க வெள்ளைப் புகை. முன்கட்டிலிருந்து வீட்டுக்காரர் ஓடிவந்து தீயென்று நினைத்துக் குடத்துத் தண்ணீரை என் மேல் ஊற்றினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் படம் எடுக்க எனக்கு அப்போது தோன்றவில்லை. புருவத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. உடைந்த மோட்டார் காரின் முன்விளக்குக் கிண்ணம் ஒன்று, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க. ஈயம் பூசிய பெரிய தாம்பாளம். மூங்கிலில் கட்டிய இரண்டு ஸ்டாண்டு. மவுண்ட் ரோட்டில் வாங்கிய இரண்டு போட்டோ விளக்குகள்; அவற்றைப் போட்ட முதல் நாளே வீடு முழுக்க ஃப்யூஸ் போய், வீட்டுக்காரர் இனிமேல் போட்டால் காலி செய் என்றார். அவள் சமையல் சாமான் வைத்திருந்த மரப்பெட்டியை நான் பிடித்துக்கொண்டேன். "விளக்கு கீது, வத்தி கீது, கிண்ணம் கீது. இனி சாமியார்தான் பாக்கி, பூசை வெச்சிடலாம்" என்பாள்.

பல்புகள் கிடைத்தது தியாகராய நகரில். பனகல் பூங்கா பக்கம் ஒரு பாத்திரக் கடை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவள் வெண்கலப் பானை ஒன்றைத் தட்டித் தட்டிச் சத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது, மூலையில் ஒரு பெட்டி நிறைய வைக்கோலுக்குள் பெரிய பெரிய பல்புகள் இருப்பதைப் பார்த்தேன். உள்ளே வெள்ளித்தாளைக் கசக்கி வைத்தது போல இருந்தது. என்ன என்று கேட்டதுதான் தாமதம், மனிதர் பொங்கிவிட்டார்.

"அதை ஏன் கேக்கிய வாத்தியாரய்யா. மிலிட்டரி ஏலத்துல பல்புன்னு நம்பி எடுத்தேன். மாட்டி சுவிச்சப் போட்டா பளீர்னு ஒரு வெளிச்சம், பட்டுனு ஒரு சத்தம். முடிஞ்சு போச்சு. அது போகட்டும்னு இன்னொண்ணு மாட்டுனேன். அதுவும் அப்படித்தான். நாலு மாட்டிட்டேன்யா. நல்லா ஏமாத்திப்புட்டானுவ."

அவை ஒரு முறை மட்டும் எரிவதற்காகவே செய்த படப் பல்புகள் என்று விளக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு தடவை எரியறதுக்கு ஒரு பல்பா? கலியாணத்துக்கு வாங்குன வேட்டியத் தாலி கட்டுனதும் கிழிச்சுப் போடுவியளோ?" என்றார். பெட்டியை அப்படியே கொண்டுபோகச் சொன்னார். இடத்தை அடைக்கிறதாம். கூடவே மூன்று பேட்டரி போடுகிற, டார்ச் மாதிரியான கைப்பிடி ஒன்றும் இருந்தது. தலையில் கிண்ணம், பக்கத்தில் பித்தான். பித்தானை அழுத்தினால் பல்பு எரியும். பெட்டிக்குள் ஒரு இங்கிலீஷ் துண்டுத்தாளும் இருந்தது.

வீட்டுக்கு வந்து கீறல் விட்டவற்றைக் கழித்தபோது இருபத்திரண்டு நின்றது. அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இந்தப் பல்பில் ஒரு சங்கடம் உண்டு. நல்லதா கெட்டதா என்று சோதித்துப் பார்க்க முடியாது. சோதித்தால் தீர்ந்துபோகும். கற்றுக்கொள்ள வேண்டுமென்றாலும் அப்படித்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பல்பு போகும். பல்புக்கும் முகத்துக்கும் இடையே உள்ள தூரத்துக்குத் தகுந்தபடி லென்ஸைத் திறக்க அந்தத் தாளில் ஒரு கணக்கு இருந்தது. கணக்கு என் தொழில். அது ஒரு மாலையில் வந்துவிட்டது. கை வரவில்லை. என் காமிராவுக்கும் கைப்பிடிக்கும் தொடர்பு கிடையாது. நான் காமிராவின் கண்ணைத் திறக்க வேண்டும், அந்தக் கணத்திலேயே இன்னொருவர் பித்தானை அழுத்த வேண்டும், உடனே நான் மூட வேண்டும். அந்த இன்னொருவர் அவள்தான்.

பல்பைச் செலவழிக்காமல் வெறும் கைப்பிடியை வைத்துக்கொண்டு பழகினோம். நான் "ஒன், டூ, த்ரீ" சொல்வேன். டூவில் திறப்பேன், த்ரீயில் அவள் அழுத்துவாள். எரியும்போது கண்ணாடி சில சமயம் தெறிக்கும் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. கடைக்காரரின் "பட்டுனு சத்தம்" வேறு எனக்கு நினைவிருந்தது. அதனால் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "மூணாவது சொன்னதும் கண்ணை இறுக்க மூடிக்கோ. மறந்துடாதே. உன் கண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?" அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சொன்னபடி செய்தாள். சாயங்காலங்களில் பத்து முறை, இருபது முறை பழகுவோம். மூன்றாவது சொல் வாயிலிருந்து விழுவதற்குள் அவள் இமை மூடியிருக்கும். என் வகுப்பில் வாய்ப்பாட்டைக்கூட நான் இவ்வளவு ஒழுங்காகப் படிய வைத்ததில்லை.

முதல் அழைப்பு ஒரு சாவு வீட்டிலிருந்து வந்தது. எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம்: கோயிலுக்குத் தூக்குமுன் சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று ஒரு படம். முற்றமிருந்தால் வெளிச்சத்தில் எடுத்துவிடலாம். குடிசைகளிலும் ஒண்டுக் குடித்தனங்களிலும் உள்ளே கும்மிருட்டு. கடற்கரைக் குப்பத்திலிருந்து ஒரு மீன்காரக் கிழவியின் பேரன் வந்து நின்றான். "எங்க ஆயா உசுரோட ஒரு படம் எடுத்துக்கல வாத்தியாரே. இப்பவாவது ஒண்ணு புடிச்சுக் குடு நைனா" என்றான். போனோம். ஸ்டாண்டை நிறுத்தி நான் "ஒன், டூ" என்று ஆரம்பித்ததும் பெட்டிக்குத் தலைமாட்டில் இருந்த பெண் ஒருத்தி அழுகையை நிறுத்திவிட்டுச் சீறினாள்: "இன்னாய்யா, பொணத்துக்கு ஓட்டப் பந்தயமா வெக்கிற?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. என் மனைவிதான் மெல்ல என் காதில் சொன்னாள், "சேசு, மரி, சூசைன்னு சொல்லுங்க. அதுவும் மூணுதானே." எங்கள் வீடுகளில் உயிர் பிரிகிறபோது காதில் சொல்கிற மூன்று பெயர்கள். அப்படியே சொன்னேன். சேசு, மரி, திறந்தேன். சூசை, அவள் அழுத்தினாள். அறை ஒரு நொடி பட்டப்பகலாகி அணைந்தது. யாரும் குறை சொல்லவில்லை. அன்றிலிருந்து அதுவே எங்கள் எண்ணிக்கை ஆயிற்று.

படத்தைக் கழுவிப் பார்த்தபோது பெட்டியைச் சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் கண்ணை மூடியிருந்தார்கள். சேசுவின் பெயரையும் மாதாவின் பெயரையும் கேட்டால் பழகிய ஜனம் தலை குனியும், கண் மூடும். வேறென்ன செய்யும்? துக்க வீட்டுப் படத்தில் அது பக்தியாகத் தெரிந்தது. அந்தக் குடும்பத்துக்குத் திருப்தி. எனக்கும் திருப்தி. கண் முன்னால் எழுதிக் காட்டியது போல் இருந்ததை நான் படிக்கவே இல்லை.

இரண்டு வருடத்தில் என்னை "விளக்கு வாத்தியார்" என்றார்கள். சாந்தோம், லஸ், அடையாறு ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனோம். நோயில் வற்றிய கன்னத்தில் நேராக வெளிச்சம் அடித்தால் மண்டையோடு தெரியும் என்று தெரிந்துகொண்டேன். பக்கவாட்டில் சற்று உயரத்தில் பிடித்து, நடுவில் ஒரு மல் வேட்டியைத் தொங்கவிட்டால் கன்னம் நிரம்பித் தெரியும், முகத்தில் சாந்தம் வந்துவிடும். "தூங்கற மாதிரி கீது" என்று சொல்வார்கள். அது எனக்குப் பெரிய பாராட்டு. செத்தவர்கள் நல்ல மாணவர்கள். அசைய மாட்டார்கள், இமைக்க மாட்டார்கள். நான் கற்ற வித்தை முழுக்க அவர்களிடம் கற்றது.

அவளையும் மகளையும் வெயிலில் நிறுத்தி ஒரு படம் எடுத்திருக்கலாம். பல்பு வேண்டாம், கணக்கு வேண்டாம், எண்ணவும் வேண்டாம். கடற்கரை கூப்பிடு தூரம், வெயில் சும்மா கொட்டிக் கிடந்தது. ஃபிலிம் கிடைப்பது அரிதாக இருந்தது, கிடைத்ததைச் சாவு வீடுகளுக்கு வைத்துக்கொண்டேன். நம் வீட்டு ஆள்தானே, எங்கே போய்விடப்போகிறாள்? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதைதான்.

அவளுக்கு இருமல் வந்தது. முதலில் மழைக்கால இருமல் என்றோம். பிறகு கைக்குட்டையில் ரத்தம் வந்தது. டாக்டர் காசநோய் என்றார். சீமையில் ஏதோ புது மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள், இங்கே வர நாளாகும் என்றார். குழந்தையை முதலில் அப்புறப்படுத்துங்கள் என்றார். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. அடையாறில் இருந்த என் அக்கா கொண்டுபோனாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அக்கா குழந்தையை எங்கள் தெருவாசல் வரை தூக்கிவருவாள். இவள் பின்கட்டு வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்று, நீளமான நடைக்கு அந்தப் பக்கம் தெரிகிற பிள்ளையைப் பார்ப்பாள். அங்கிருந்து பார்த்தால் குழந்தைக்கு இருட்டில் ஒரு சேலை தெரியும், அவ்வளவுதான்.

நாலைந்து மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தை அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றது. அக்காவைத்தான் சொன்னது. இவள் காதில் விழுந்தது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டாள். "இன்னாங்க, பல்பு எத்தினி கீது?"

"ரெண்டு."

"ஒண்ணு எனக்கு எடுத்து வையுங்க. இந்த மூஞ்சி வேணாம்னுதான் இத்தினி நாளு சொல்லிக்கினு இருந்தேன். இனிமே வேற மூஞ்சி வராது. அவளுக்கு நான் யாருன்னு தெரியணும். எம் பொண்ணு எங்கண்ணை வெச்சிக்கினு கீறா. யாருகிட்டேருந்து வந்துச்சின்னு பாக்கட்டும்."

அந்த வாரமே எதிர்ச்சாரியில் ஒரு கைக்குழந்தை இறந்தது. ஞானஸ்நானம் வாங்கிய சிசு இறந்தால் தேவதூதனாக, சம்மனசாகிவிட்டது என்று சொல்லி, வெள்ளை உடுத்தி, வெள்ளித்தாள் கிரீடம் வைப்பது எங்கள் வழக்கம். அந்தத் தாய் எங்கள் வாசலில் வந்து நின்றாள். நான் பல்பு தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன். உள்ளேயிருந்து இவள் குரல் கொடுத்தாள்: "போய் எடுத்துக் குடுங்க. எனக்கு ஒண்ணு போதும்." போனேன். ஒன்று மிஞ்சியது.

ஐப்பசி அடைமழை. முற்றத்தில் முழங்கால் தண்ணீர். அவளை வெளியே தூக்கி வருகிற பேச்சே கிடையாது. மழை விடட்டும் என்று ஒரு வாரம் பார்த்தேன். அவள் மூச்சு அதுவரை காத்திருக்கும் என்று தோன்றவில்லை. ஒரு மத்தியானம் அவளே தலையை வாரிக்கொண்டாள். நீலச் சேலை. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்தேன். மல் வேட்டியைத் தொங்கவிட்டேன். தூரத்தை முழம் போட்டு அளந்தேன், கணக்கை மூன்று தரம் போட்டேன். பேட்டரி புதிது. பல்பின் அடியைத் துணியால் துடைத்தேன். இடது கையில் கைப்பிடி, வலது கையில் காமிராவின் கண்ணைத் திறந்து மூடுகிற நீளக் கம்பிப் பித்தான். விளக்கின் பித்தானை அழுத்த இப்போது அவள் என் பக்கத்தில் இல்லை, எதிரே இருந்தாள்.

"இங்கே பாரு. என்னையே பாரு" என்றேன். பார்த்தாள். உடம்பெல்லாம் போய்விட்டது, கண் மட்டும் போகவில்லை. அந்த இருட்டிலும் அவை தேன் நிறமாகத்தான் இருந்தன. இரண்டு பித்தானும் என் கையில், எண்ணவே தேவையில்லை. ஆனால் பதறும்போது மனிதன் பழகியதைத்தான் செய்வான்.

"சேசு, மரி, சூசை" என்றேன்.

அறை பளீரென்றது. எனக்குக் கண் கூசி ஒன்றும் தெரியவில்லை. காமிராவை மூடினேன். வெளிச்சம் போனதும் மழைச் சத்தம் கேட்டது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வந்திச்சா?"

"நல்லா வந்திருக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து, "நான் கண்ணை மூடிக்கினேனோன்னு தோணுது" என்றாள். "சே, அதெல்லாம் இல்லை" என்றேன். எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் சொன்னேன்.

அன்றே கழுவினேன். சிவப்பு விளக்கில் முகம் மெல்ல மேலே வந்தது. கணக்கு ஒரு இம்மி தப்பவில்லை. கன்னம் நிரம்பியிருந்தது, நெற்றியில் வெளிச்சம் பதமாக விழுந்திருந்தது, ஒவ்வொரு மயிரும் தனியாகத் தெரிந்தது. நான் எடுத்ததிலேயே அதுதான் சிறந்த படம். இரண்டு கண்ணும் இறுக்க மூடியிருந்தன. நான் சொல்லிக்கொடுத்தபடியே மூடியிருந்தாள்.

அவள் கேட்டபோதெல்லாம் அச்சுப் போடப் பேப்பர் கிடைக்கவில்லை என்றேன். பேப்பர் பெட்டிக்குள் இருந்தது. கடைசி நாளில்கூட, "பேப்பர் வந்திச்சா?" என்று கேட்டாள். நாளைக்கு வருகிறது என்றேன். படம் எடுத்த பன்னிரண்டாம் நாள் சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசினார். காதில் அந்த மூன்று பெயர்களை நான்தான் சொன்னேன். மூன்றாவது பெயருக்கு அவள் இமை அசைந்ததா என்று பார்த்தேன். கண்கள் ஏற்கெனவே மூடித்தான் இருந்தன.

அடக்கத்தன்று மழை விட்டது. முற்றத்தில் சுள்ளென்று வெயில். பெட்டியை வெயிலில் இறக்கி வைத்தார்கள். எல்லோரும் சுற்றி நின்று வழக்கப்படி என்னைப் பார்த்தார்கள். காமிராவில் ஃபிலிம் இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அந்த வெயிலைப் பார்க்க எனக்கு அப்படித்தான் இருந்தது. முடியாது, தூக்குங்கள் என்றேன். கண் மூடிய படம் என்னிடம் ஏற்கெனவே இருந்தது.

அச்சுப் போட்டுச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். வேறு படம் இல்லையே. வருகிறவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு, "அடக்கத்தன்னைக்கு எடுத்ததா? தூங்கற மாதிரி கீது" என்பார்கள். இல்லை, அப்போது உயிரோடு இருந்தாள், என்னோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று முதலில் சிலரிடம் சொன்னேன். நம்பவில்லை. பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். கைப்பிடி, கிண்ணம், தாம்பாளம் எல்லாவற்றையும் பழைய சாமான்காரனுக்குத் தூக்கிப் போட்டேன்.

அடுத்த வருடம் மகளை அக்கா கொண்டுவந்து விட்டாள். நாலு வயது. தெருப் பிள்ளைகள் பூனைக்கண்ணி என்று கேலி செய்தார்கள். அழுதுகொண்டே வந்து, தனக்கு மட்டும் ஏன் இந்தக் கண் என்று கேட்டாள். உன் அம்மாவுக்கும் இதே கண்தான் என்றேன். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிச் சட்டத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மூடிக்கினு கீறாங்களேப்பா."

"நான்தாம்மா மூடச் சொன்னேன்."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதே கண்.

"அப்போ தொறக்கவும் நீங்களே சொல்லுங்க" என்றாள்.